கூட்டாட்சி

கூட்டு, ஆட்சி என்ற இரு சொற்கள் சேர்ந்தது கூட்டாட்சி. ‘ஃபெடரல்’ என்பதன் வேர் ‘உடன்படிக்கை’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்.

உடன்படுவது எளிதல்ல. 1754 மே மாதம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் பத்திரிகையில் எட்டுத் துண்டாக வெட்டுண்ட பாம்பின் படத்தை வெளியிட்டார்; துண்டுகளின் அருகே பிரிட்டனின் வட அமெரிக்கக் குடியேற்றங்களின் பெயரெழுத்துகள், தலைப்பக்கம் நியூ இங்கிலாந்து. அடுத்த மாதமே ஆல்பனியில் ஏழு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். அங்கே ஃபிராங்க்ளின் முன்வைத்த திட்டம் துணிச்சலானது: மன்னர் நியமிக்கும் தலைவர், சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் 48 பேர் கொண்ட பேரவை, பொதுப் பாதுகாப்புக்கு வரி விதிக்கும் அதிகாரம்.

வரியில்தான் இடித்தது. கஜானா சாவியைக் கொடுக்க எந்தச் சட்டமன்றமும் சம்மதிக்கவில்லை, லண்டனும் கண்டுகொள்ளவில்லை.

பின்னர் குடியேற்றங்கள் விடுதலையை அறிவித்து அமெரிக்காவாக இணைந்தபோதும், 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளில் மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடைக்கவில்லை. 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம்தான் அதை வழங்கியது.