மார்த்தினிவ்கா வெள்ளி

உக்ரைனிலே, நீப்பர் நதியிற் சென்று கலக்கும் றோஸ் ஆற்றுப் பிரதேசத்தில் மார்த்தினிவ்கா என்றொரு கிராமம் உண்டு. 1909ஆம் ஆண்டில் அங்கு நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிப் பொருள்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. பணம் படைத்தோர் கைகளில் அவை பிரிந்தன. ஒரு பகுதி கீவ் நகரத்திற்கும், மற்றொரு பகுதி இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்கும் போய்ச் சேர்ந்தன.

கி.பி. 6ஆம், 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த புதையல் இது. அரைப்பட்டியிற் பதிக்கும் தகடுகள், ஆடையைப் பூட்டும் ஊசிகள், காப்புகள், பைசாந்தியப் பேரரசின் முத்திரை பொறித்த பாத்திரங்கள் எனப் பலவும் இதில் உள. எனினும் நம் கண்ணை முதலில் ஈர்ப்பவை சிறு உருவங்களே. கால்களை அகட்டிக் கைகளைத் தொடைமேல் ஊன்றி நிற்கும் மனிதர்; பல்லைக் காட்டும் குதிரை போன்ற விலங்குகள். மனிதரின் தலைமயிருக்கும் விலங்குகளின் பிடரிமயிருக்கும் பொன்முலாம் பூசியிருக்கின்றனர்.

இவை யாருடையவை? இத்தகைய புதையல்களை அந்தேயர் என்ற பழைய சிலாவியக் கூட்டத்தினருக்கு உரியனவென 1928இல் ஸ்பிற்சின் கூறினார். 1953இல் றிபக்கோவ் அவற்றைப் பண்டைய றூஸ் மக்களின் சொத்தாக்கினார். றூஸ் என்ற பெயரோ நம்பத்தகுந்த ஏடுகளில் 9ஆம் நூற்றாண்டிலேதான் தலைகாட்டுகிறது! பிற்காலத் தேசியப் பெருமைக்கு மூதாதையரைத் தேடும் அவசரம் என்றே இதனை நாம் கொள்ளவேண்டும். ஏனெனில், இதே வகை அரைப்பட்டித் தகடுகள் கிரிமியாவிலும், கவ்காசியாவிலும், தன்யூப் நதிக்கரையிலும் கிடைத்துள்ளன. உருவங்களை ஒத்தவை கிரேக்க நாட்டுத் தெசாலியில், வெலெஸ்தினோ என்னுமிடத்திலும் உள. குதிரைமேல் அலைந்த நாடோடியும் பைசாந்தியப் படைவீரனும் ஒரே பாணியில் அரைப்பட்டி கட்டிய காலம் அது. கட்டியவன் பேசிய மொழி எதுவென்று தகடு சொல்லாது.

வேறொன்றை அது சொல்லும். அந்தேயரும் சிலாவியரும் தனியொருவன் ஆட்சிக்கு உட்படாது, பழங்காலந்தொட்டு மக்களாட்சியில் வாழ்பவர் என்றும், எளிய குடிசைகளில் ஒதுங்கிக் குடியிருப்பவர் என்றும் 6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான புரோகோப்பியஸ் எழுதினார். அகழ்வாய்வும் அதற்கு மாறாகப் பேசவில்லை: நிலத்தைத் தோண்டி அமைத்த சிறு வீடுகள், சக்கரமின்றிக் கையால் வனைந்த மட்பாண்டங்கள். அத்தகைய ஊர்களின் நடுவே இத்துணை வெள்ளி எவ்வாறு சேர்ந்தது? 545ஆம் ஆண்டளவில் பேரரசன் ஜஸ்ரினியன் அந்தேயருக்குப் பணமும் ஒரு கோட்டை நகரும் தருவதாகக் கூறி நட்பை நாடினான். ஹூணரைத் தடுக்க அவர்களை அரணாக்குவதே அவன் நோக்கம். சிலாவியர் படையெடுத்துக் கொள்ளையிட்டதும் உண்டு. கூலியாகவோ கொள்ளையாகவோ வந்த செல்வம் எல்லாக் குடிசைகளுக்கும் சமமாகப் போகவில்லை. படைநடத்தியவர்களிடம் அது தங்கியது. பொன்முலாம் பூசக் கைவினைஞரை அமர்த்தும் வசதியும் அவர்களுக்கே வாய்த்தது என்பது எமது கருத்து. 602இல் அவார்கள் அந்தேயர்மீது படை அனுப்பினர். அதன்பின் அப்பெயர் ஏடுகளினின்று மறைகிறது.