அழையாது வந்த கோப்பு

இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில், நாம் கேளாமலே ஒரு கோப்பு கணினியில் வந்து இறங்கிவிடுவது இன்று அநேகருக்கு நேர்கிற அனுபவம். ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதையும், வந்ததை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் பாரத்தை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வியே அச்சரித்திரம் நெடுகிலும் ஓடுகிறது என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

2000-ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்ற கிருமி, காதல் கடித வேஷத்தில் மின்னஞ்சலோடு வந்தது; பெற்றவர் தம் கையாலேயே அதைத் திறந்தாலன்றி அதனால் தீங்கு செய்ய இயலவில்லை. மறு ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி பரவிய 'நிம்டா' என்ற புழு அந்த எல்லையைக் கடந்தது. மின்னஞ்சலில் வந்ததோடு நில்லாமல், மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். மென்பொருளில் இயங்கிய வலைத்தளங்களுக்குள்ளும் அது பிரவேசித்து, அங்கிருந்த பக்கங்களில் ஒரு துளி ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்துவைத்தது. வாசகர் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அது 'ரீட்மி.இஎம்எல்' என்ற கோப்பைப் புதிய ஜன்னல் ஒன்றில் வரவழைக்கும்; அந்த ஜன்னலை மேலிருந்து 6000 புள்ளியும் இடப்புறமிருந்து 6000 புள்ளியும் தள்ளி வைக்கும்படி அந்த ஜாவாஸ்கிரிப்ட் வரியிலேயே எழுதியிருந்தது. அக்காலத்துத் திரைகளில் பெரும்பாலானவை ஆயிரம் புள்ளி அகலத்தை ஒட்டியவை. ஆகவே ஜன்னல் திறந்ததென்பதே படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. உள்ளே இருந்த நிரலோ தன்னை ஓர் ஒலிக்கோப்பு என்று அறிவித்துக்கொண்டது. திருத்தம் பெறாத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.01, 5.5 பதிப்புகள் அவ்வறிவிப்பை அப்படியே நம்பி, யாரையும் கேளாமல் அதை இயக்கின.

இக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பது உண்மை. ஆயினும் அக்காலத்தில் திருத்தங்களைத் தேடிப் பிடித்து நிறுவிக்கொள்ளும் வழக்கம் சாமானிய ஜனங்களிடம் வேரூன்றியிருக்கவில்லை. நிறுவியவருக்கும் கிடைத்தது என்ன? கோப்பைத் திறக்கவா, சேமிக்கவா என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி! செய்தி படிக்க வந்த மனிதருக்கு அக்கேள்வியின் கனம் எப்படித் தெரியும்? கோப்பின் பெயரில் கடைசியாக வரும் மூன்றெழுத்தை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைத்திருந்தபடியால், எது கடிதம், எது நிரல் என்று பிரித்தறியும் ஒரே அடையாளமும் அவருக்குக் கிட்டவில்லை. அஜாக்கிரதை என்று அவரைக் குறை கூறியவர்கள் அநியாயமே செய்தார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2004 ஜூனில் இதே தந்திரம் வேறு உருவில் மீண்டும் தோன்றியபோது, அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு சொன்ன யோசனைகளில், வேறு உலாவியைப் பயன்படுத்தலாம் என்பதும் ஒன்று. ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்புதான் முதன்முறையாகப் பாரத்தின் ஒரு பகுதியை வாசகர் தோளிலிருந்து இறக்கிற்று. கேளாமல் வரும் பதிவிறக்கத்தை நிறுத்திவைத்து, பக்கத்தின் தலைப்பில் ஒரு மஞ்சள் பட்டையால் அறிவித்தது; இணையத்திலிருந்து வந்த கோப்புக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாதபடி 'ஸோன்ஐடி=3' என்றொரு முத்திரையையும் பதித்தது. அக்கோப்பு ஒரு நிரலாயிருந்தால், அதைத் திறக்க முயலும்போது அம்முத்திரை எச்சரிக்கையை எழுப்பும்.

ஆபத்து அதனால் அடங்கிவிடவில்லை. 2007-இல் கூகுளைச் சேர்ந்த நீல்ஸ் புரோவோஸும் சகாக்களும், சந்தேகத்துக்குரியவை என்று பொறுக்கிய ஏறத்தாழ 45 லட்சம் முகவரிகளை ஆழ்ந்து பரிசோதித்ததில், 4.5 லட்சம் முகவரிகள் வாசகர் அறியாமலே நிரலை இறக்கி இயக்குபவையாக இருந்தன. உலாவிகள் தாமே புதுப்பித்துக்கொள்ளவும், தீய முகவரிகளைப் பட்டியலிட்டுத் தடுக்கவும் தொடங்கிய பின்னர், தானே இயங்கும் கோப்பு அரிதாகி, வந்து காத்திருக்கும் கோப்பே மிகுதியாயிற்று. திறக்கப்படாத வரையில் அது பெரும்பாலும் செயலற்றே கிடக்கும். என்னவென்று பார்க்கும் ஆவலில் தொடாமல், பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, கணினியை ஒரு முறை வைரஸ் சோதனைக்கு உட்படுத்துவதே இந்நிலையில் உசிதம்.

முத்திரையின் கதை இன்னும் நீள்கிறது. 2022-இல், அம்முத்திரை பெற்ற ஆபீஸ் கோப்புகளில் மேக்ரோக்கள் என்ற உட்பொதிந்த சிறு நிரல்கள் இயங்குவதை மைக்ரோசாஃப்ட் தடுத்தது. உடனே கயவர்கள் தங்கள் நிரலை ஐ.எஸ்.ஓ. என்ற வட்டுப் பிம்பக் கோப்பாகிய உறைக்குள் வைத்து அனுப்பும் வழக்கத்தைப் பெருக்கினர், ஏனெனில் உறையின்மேல் விழுந்த முத்திரை உள்ளிருந்த கோப்புகளின்மேல் விழவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வெளியான திருத்தத்துக்குப் பிறகு, உள்ளிருக்கும் கோப்புகளும் அம்முத்திரையைப் பெறுகின்றன.