அறுவை அரங்கில் கதிர்வீச்சு: அகற்றவியலாக் கணையப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறும் மதிப்பீடும்

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே கண்டறியப்படுகின்றது. அதற்குள் அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைக் கட்டி சூழ்ந்துகொண்டால் அதனை வெட்டி அகற்ற இயலாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு செலுத்தலாம். ஆயின், கட்டியை அழிக்கத் தேவையான அளவை ஒட்டியுள்ள இரைப்பையும் குடலும் தாங்கா. வயிற்றைத் திறந்து, அவ்வுறுப்புகளை விலக்கிவைத்துக் கட்டியின்மீது ஒரே முறை பேரளவுக் கதிர்களைச் செலுத்தும் முறை இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாக அமைந்தது. அம்முறை எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கருத்து பழையதே. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பார்சிலோனா மருத்துவர்களும் அமெரிக்காவில் கார்ல் பெக்கும் அறுவையின்போது எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தினர். அக்காலக் கதிர்களுக்கு ஊடுருவும் ஆற்றல் போதவில்லை, முறை வேரூன்றவில்லை. 1960களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிட்சுயுகி அபே இதற்குப் புத்துயிரளித்தார். முதலில் கோபால்ட்டையும் பின்னர் பீட்டாட்ரான் தந்த எலெக்ட்ரான் கற்றையையும் அவர் கையாண்டார். எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆழத்திற்கப்பால் விரைவாக வலுவிழப்பதால் கட்டிக்குப் பின்னுள்ள தண்டுவடம் காக்கப்பட்டது. முன்சிறுகுடலின் நிலை வேறு. அது கணையத் தலையோடு ஒட்டியிருப்பதால் முழுமையாக விலக்க முடியாது. புண்ணும் குருதிக்கசிவும் இம்முறையின் தீராத குறையாயின.

1978இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இம்முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில், மயக்கநிலையிலுள்ள நோயாளியை அறுவை அரங்கிலிருந்து கதிர்வீச்சுப் பிரிவுக்குத் திறந்த வயிற்றைத் தூய துணியால் மூடியே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அம்மருத்துவமனை 1984இல் வெளியிட்ட முடிவுகளில் 29 நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 16.5 மாதங்கள். நம்பிக்கை பெருகியது. ஆனால், பல மருத்துவமனைகள் இணைந்து 51 நோயாளிகளுக்கு 20 கிரே அளவு அளித்த அமெரிக்க ஆய்வு 1991இல் காட்டியது 9 மாதங்களையே.

இவ்வேறுபாட்டைக் கைத்திறன் வேறுபாடாக மட்டும் கருதுதல் பொருந்தாது. வயிற்றைத் திறந்தபின் நோய் பரவியிருக்கக் கண்டால் அந்நோயாளி இச்சிகிச்சைக்கு உரியவரல்லர். எஞ்சியோர் முன்னரே சற்று நல்ல நிலையில் இருந்தோர். இரண்டு ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆதலால் 16.5 மாதங்கள் வெற்றியையும், 9 மாதங்கள் தோல்வியையும் உறுதியாக நிறுவவில்லை. 2005இல் வெளியான பாஸ்டனின் 150 நோயாளிகள் பற்றிய நீண்டகால ஆய்வில் இடைநிலை வாழ்நாள் 13 மாதங்கள்.

வாழ்நாளைப் பற்றிய இவ்வழக்கில் வலி பின்தள்ளப்பட்டது. கணையத்தின் பின்னுள்ள நரம்புப் பின்னலைக் கட்டி ஊடுருவும்போது முதுகைத் துளைக்கும் வலி எழும். அப்பகுதியும் கதிர்வீச்சுக்குள் அடங்குவதால் பலருக்கு வலி தணிந்ததைக் கியோட்டோவும் பிற மையங்களும் தொடர்ந்து பதிவுசெய்துள்ளன. மருத்துவ வரலாற்றாசிரியர் பலர் மாதக் கணக்கையே அளவுகோலாக்கி இப்பதிவுகளைத் துணைச்செய்தியாகக் கொள்வது ஏற்புடையதன்று. ஓராண்டே எஞ்சியவருக்கு உறக்கம் வாய்த்த இரவுகளும் சிகிச்சையின் பயனே.

2011க்குப் பின் பரவிய வலிமைமிக்க கூட்டு மருந்துச் சிகிச்சை, அகற்றவியலாது எனப்பட்ட சில கட்டிகளைச் சுருங்கச் செய்தது. அதன்பின் வயிற்றைத் திறக்கும் மருத்துவர், கட்டியை அகற்றிய இடத்திலோ அகற்ற முடியாது எஞ்சிய பகுதியிலோ கதிர்களைச் செலுத்தும் வழக்கம் பாஸ்டன் முதலிய சில மையங்களில் தொடர்கின்றது.