பங்கும் கட்டணமும்: அரங்கேற்றச் செலவு குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். சர்க்கார் நடத்திய சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு, மிச்சம் சர்க்காருக்கு. மூச்சடக்கி முங்குகிறவனுக்கு இவ்வளவுதானா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனாலும் அவன் காசு கட்டி முங்கவில்லை. இன்று இதே ஊரில் ஒரு பெண் பரதம் கற்று அரங்கேற வேண்டுமென்றால், தலைசாமானில் பதித்த போலி முத்திலிருந்து மண்டப வாடகை வரைக்கும் அவள் வீடுதான் கொடுக்க வேண்டும். உழைக்கிறவரே கூலியும் கொடுக்கிற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் என்கிறது கல்வெட்டு. கல்வெட்டு அதைப் 'பங்கு' என்றே குறிக்கிறது. இதைக் காட்டி யாரும் பொற்காலம் பேச வேண்டாம். அந்த நெல் பிறப்போடும் கோயிலதிகாரத்தோடும் பிணைக்கப்பட்டிருந்தது. அதை உடைக்கச் சொன்னவர்களில் அந்தச் சமூகத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். 1929 சட்டம் மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்தது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதையே தடுத்தது. இரண்டும் வேண்டியவைதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா தோன்றியது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வித்தை அதேதான், ஆடுகிற உடம்பின் சாதி மாறியது. கூடவே இன்னொன்றும் மாறியதை நாம் அதிகம் பேசவில்லை: பணம் போகிற திசை. காசு வாங்கி ஆடுகிறவள் என்ற வசையிலிருந்து கலையை மீட்பதாகச் சொன்ன புனிதப்படுத்தல் சொல்லாடல், காசு கொடுத்து ஆடுகிறவளை உருவாக்கியது. 'கௌரவமான குடும்பத்துப் பெண்' என்பதற்கு இங்கே பொருள், அவளுக்குச் சம்பாத்தியம் தேவையில்லை என்பதுதான்.

இது தமிழனின் தனிக் கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி 1879இல் 'அமெச்சூர்' என்பதற்கு விதி எழுதியபோது, கைத்தொழிலாளியும் கூலிக்காரரும் அதில் சேரமாட்டார்கள் என்றது. அமெரிக்க பால்ரூம் நடனப் போட்டிகளில் மாணவர் தன் ஆசிரியரையே ஜோடியாக வைத்து ஆடும் பிரிவு ஒன்று உண்டு. ஆசிரியரின் கூலி, பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாம் மாணவர் தலையில். 'அமெச்சூர்' என்ற சொல் அன்பைக் குறித்துப் பிறந்தது; நடைமுறையில் அது வசதியைக் குறிக்கிறது.

நம் அரங்கேற்றக் கணக்கைப் பாருங்கள்: குருதட்சிணை, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், பட்டு உடுப்பு, நகை, ஒப்பனை, மண்டபம், அழைப்பிதழ், வீடியோ, வந்தவர்களுக்குச் சாப்பாடு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம். பலருக்கு அதுதான் கடைசி மேடையும். இதில் வாத்தியக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோயிலும் கைவிட்டு, கச்சேரியும் இல்லாதபோது அவர் சாப்பாடு இந்தக் கட்டணத்தில்தான் இருக்கிறது. வெளியே நிற்பவர்கள் யார் என்பதே கேள்வி. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் மகளும் கடலுக்குப் போகிறவர் மகளும் அடவு பிடிக்க மாட்டார்களா என்ன? அடவு வரும், அரங்கேற்றம் வராது.

தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, பரதமும் உண்டு. அங்கே படித்து வருகிறவளிடம் 'அரங்கேற்றம் ஆச்சா?' என்று கேட்பதை முதலில் நிறுத்துவோம். நாம் நடத்துகிற கலை இரவுகளில் ஆடுகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பாமல் சம்பளம் கொடுப்போம். நூறு கலம் நெல் வேண்டாம். பிறப்பின் தளையில்லாத ஒரு பங்கு அவளுக்கு வேண்டும்.