கல்யாண வீட்டில் ஒரு கலைவிழா

"நீங்க வரலாறு படிச்சவர், பழைய கதை ஏதாவது எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்தது நம் விடுதிக் கதையாகத்தான் இருக்கும். கலைவிழாவுக்கு மைக் செட் வைக்க அனுமதி கேட்டு நாம் அலைந்த அலைச்சலை ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் அனுமதியே கேட்காமல் நடந்த ஒரு கலைவிழாவைப் பற்றிச் சொல்கிறேன். நடந்தது நம் ஊரில் அல்ல. அன்றைய செக்கோஸ்லோவாகியாவில், பிராக் நகருக்குத் தெற்கே போயனோவிட்ஸே என்ற சின்னக் கிராமத்தில். நாள் 21 பிப்ரவரி 1976. அந்த ஊரில் நல்ல குளிர்காலம்.

வெளியே கேட்டால் கல்யாணம் என்று பதில் வரும். பொய்யும் இல்லை. இவான் யிரௌஸ் என்ற கலை வரலாற்றாசிரியரின் திருமணக் கொண்டாட்டம்தான் அது. நண்பர்கள் அவரை 'மாகோர்' என்பார்கள், நம் பேச்சில் கிறுக்கன். ஆனால் விருந்துக்கு வந்தவர்கள் அந்த நாளுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'இரண்டாம் பண்பாட்டின் இரண்டாம் விழா'. அரசாங்கம் நடத்துவது முதல் பண்பாடு. அதன் சம்பளமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் தாங்களே நடத்திக்கொள்வது இரண்டாவது.

ஏன் இந்த ஒளிவு மறைவு? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்தன. அடுத்த மாதமே மிலான் ஹ்லாவ்ஸா என்ற 17 வயதுப் பையன், கசாப்புத் தொழில் பழகியவன், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு ராக் குழு ஆரம்பித்தான். பெயர் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்'. டாங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்களுக்கு அரசியலே கிடையாது. வாசிக்கணும், அவ்வளவுதான். ஆனால் அங்கே வாசிப்பதற்கும் உரிமம் வேண்டும். 1970ல் அது பறிபோனது. அரசு கொடுத்த கருவிகளும் திரும்பப் போயின. பழைய ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபையர் செய்துகொண்டார்கள்.

யிரௌஸ் செய்த ஒரு தந்திரத்தை நம் மாணவர்கள் ரசிப்பார்கள். ஓவியர் சங்க உறுப்பினர் என்ற முறையில் அவருக்குச் சொற்பொழிவாற்ற உரிமை உண்டு. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பற்றிப் பேச்சு என்று மண்டபம் பிடிப்பார். நாலு ஸ்லைடு காட்டுவார். பிறகு வார்ஹோலோடு சம்பந்தப்பட்ட வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாட்டுக்கு 'செயல்முறை விளக்கம்' என்று சொல்லி, நம் பையன்கள் மணிக்கணக்கில் வாசிப்பார்கள்!

எல்லாம் விளையாட்டாகவே போய்விடவில்லை. 1974 மார்ச்சில் செஸ்கே புத்யெயோவிட்ஸே நகருக்கு அருகே நடக்க இருந்த கச்சேரிக்குப் போன இளைஞர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. மாணவர்கள் சிலர் படிப்பையே இழந்தார்கள். கச்சேரி கேட்கப் போனதற்காக! அதன் பிறகு எல்லாம் ரகசியம்தான். இடம் வாய்மொழியாகத் தெரியவரும். அதே ஆண்டு செப்டம்பரில் போஸ்டுபிட்ஸே கிராமத்தில் முதல் விழா நடந்தது. அதுவும் ஒரு கல்யாணத்தின் பேரில்தான்.

போயனோவிட்ஸேயில் சேர்ந்த கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். சாக்ஸபோன் வாசித்த வ்ரடிஸ்லாவ் ப்ரபெனெட்ஸ் இறையியல் படித்தவர். ஸ்வடோப்ளுக் கராசெக் புராட்டஸ்டன்ட் பாதிரியார். கிதாரை மீட்டிக்கொண்டு வேதாகமக் கதைகளைப் பாடுவார். பாவெல் ஸாயீச்செக்கின் 'டிஜி 307' குழு, மனநோய் ஒன்றின் மருத்துவக் குறியீட்டையே பெயராக வைத்துக்கொண்டது. அது பாதி இசை, பாதி கவிதை. பிளாஸ்டிக் பீப்பிள் பாடிய வரிகள் பல எகான் பாண்டி என்ற மார்க்சியக் கவிஞருடையவை. சாமி கும்பிடுகிறவன், கும்பிடாதவன், படித்தவன், கசாப்புக்காரன் என்று யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது. பாண்டி ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது.

அடுத்த மாதமே கைது. செப்டம்பரில் பிராக் நகரில் வழக்கு. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பொது அமைதியைக் குலைத்தது. பாட்டில் கெட்ட வார்த்தை. யிரௌஸுக்கு 18 மாதம், ஸாயீச்செக்குக்கு 12, கராசெக்குக்கும் ப்ரபெனெட்ஸுக்கும் எட்டெட்டு மாதம் சிறை.

அரசாங்கம் தப்புக்கணக்குப் போட்டது இங்கேதான். முடி வளர்த்த பையன்களுக்காக எந்தப் பெரியமனுஷன் வரப்போறான் என்று நினைத்தார்கள். வந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யாரோஸ்லாவ் ஸைஃபர்ட் அப்போது 75 வயதை நெருங்கிக்கொண்டிருந்த கவிஞர். 69 வயது யான் பாடோச்கா தத்துவப் பேராசிரியர். இவர்களும் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் வேறு சில எழுத்தாளர்களும் சேர்ந்து ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிக் ப்யோலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்த இரண்டு கிழவர்களும் ராக் இசையை ரசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

வழக்கில் சேர்ந்த அந்தக் கூட்டம் கலையவில்லை. 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை வந்தது. முன்னாள் கம்யூனிஸ்டுகள், கத்தோலிக்கர்கள், நாத்திகர்கள், பாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பாடோச்கா அதன் பேச்சாளர்களில் ஒருவர். போலீஸ் அவரை மணிக்கணக்கில் விசாரித்தது. மார்ச் 13ம் தேதி மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். கேட்டிருக்கவே முடியாத ஒரு பாட்டுக்காக ஒரு பேராசிரியர் கொடுத்தது இவ்வளவு. ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

யிரௌஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார்; மொத்தம் எட்டு வருஷத்துக்கு மேல். குழு 1988ல் உடைந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி கவிழ்ந்து, டிசம்பர் 29ல் ஹாவெல் ஜனாதிபதி ஆனார். சாசனத்தின் இருபதாம் ஆண்டான 1997ல், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் குழு மறுபடி சேர்ந்து வாசித்தது. 1998ல் ஹாவெல் அமெரிக்கா போனபோது வெள்ளை மாளிகை விருந்தில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் லூ ரீட் பாடினார். அவர் பக்கத்தில் நின்று வாசித்தவர் ஹ்லாவ்ஸா. உரிமம் எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.