விசையின் விலை

தமிழில் ‘விசை’ ஒரு விசித்திரமான சொல். பழைய அகராதிகள் அதற்கு வேகம், விரைவு என்று பொருள் தருகின்றன. பள்ளி இயற்பியல் நூலில் அது ஒரு பொருளைத் தள்ளுவதும் இழுப்பதுமான செயல். தட்டச்சுப் பொறி வந்தபின், விரலால் அழுத்தும் பொத்தானுக்கும் அதே சொல்லை நம் முன்னோர் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பொத்தானின் பெயர் பூட்டின் சாவியை நினைவூட்டுவது. தமிழிலோ அது விரலின் உழைப்பை நினைவூட்டுகிறது. எழுதுவதற்கு ஒரு விசை வேண்டும், அந்த விசைக்கு ஒரு விலை உண்டு என்ற உண்மை நம் சொல்லிலேயே உறைந்திருக்கிறது. அந்த விலையை யார் கொடுத்தார்கள், எந்த விரல் கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அறியப்படும் ஆர். முத்தையா 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். இளமையில் மலேயாவுக்கும் பின் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போய், வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். ஆங்கிலப் பொறியின் முன் நாள்தோறும் அமர்ந்தவருக்கு, தமிழுக்கு ஏன் இது இல்லை என்ற ஏக்கம் பிறந்ததில் வியப்பில்லை. வியப்பு, அந்த ஏக்கத்தை அவர் கணக்காக மாற்றியதில் இருக்கிறது.

கணக்கு எளிதானதன்று. தமிழ் எழுத்துகள் 247. பொறியில் 46 விசைகள் இருந்தாலும், மேலும் கீழுமாக 92 உருவங்களுக்குத்தான் இடம். அகர வரிசையும் கால், கொம்பு போன்ற துணைக்குறிகளும் இருந்தால் பெரும்பகுதி அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் உகர ஊகார உயிர்மெய்கள் அடங்க மறுக்கின்றன: கு, சு, டு, து என ஒவ்வொன்றும் தனி உருவம். அக்காலத்தில் ணா, றா, னா, லை, னை போன்றவையும் கூட்டெழுத்துகளாகத் தனி வடிவம் கொண்டிருந்தன. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்ற பின்னரே அவை பொதுவழக்கில் எளிமையடைந்தன.

இன்னொரு சிக்கல் புள்ளியும் இகரக் கொக்கியும். அவை எழுத்தின் தலைமேல் ஏற வேண்டியவை. ஆனால் பொறியோ ஒவ்வோர் அடிக்கும் ஓர் இடம் நகர்ந்துவிடும். இதற்குத் தமிழ்ப் பொறியில் கண்ட தீர்வு நகரா விசை. அதை அழுத்தினால் அச்சு விழும். தாள் தாங்கும் வண்டி நகராது. பின்னர் அழுத்தும் மெய்யெழுத்து அதே இடத்தில் விழுந்து, புள்ளியோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே பொறியில் ‘க்’ அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. கையெழுத்தில் கடைசியாக வைக்கும் புள்ளி இங்கே முந்திக்கொண்டது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தின் வழியே முத்தையாவின் பொறிகள் உருப்பெற்றன. அவற்றில் ‘பிஜோ’ என்ற கையடக்கப் பொறி பெயர்பெற்றது.

தமிழ்த் தட்டச்சு பயின்ற எவரும் ‘யளனகபக’ என்று தொடங்கும் முதற்பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். அந்த நடுவரிசையில் வலக்கைச் சுண்டுவிரலுக்கு வாய்த்தது புள்ளி. தமிழில் புள்ளி இல்லாத வரி அரிது. கையில் மிக நொய்ந்த விரல் எதுவோ அதுவே ஓயாமல் உழைக்க நேர்ந்தது. ‘பக்கத்து’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ப, புள்ளி, க, க, புள்ளி, த, து என ஏழு அடி. இரண்டு முறை வலச் சுண்டுவிரல் புள்ளி வைக்கிறது. ‘து’வுக்காக மேல்வரிசை மாற்றும் விசையை இடச் சுண்டுவிரல் ஒரு முறை அழுத்துகிறது. மின்சாரமற்ற பொறியில் அந்த மாற்றுவிசை வெறும் குறிப்பன்று. வண்டியையோ அச்சுக்கூடையையோ உண்மையாகவே தூக்கும் நெம்புகோல்.

*

பொறி விலையுயர்ந்தது. கோத்ரெஜ் 1955-இல் இந்தியாவிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகும் நடுத்தர வீட்டில் தட்டச்சுப் பொறி அபூர்வப் பொருளே. அப்படியானால் இத்தனை ஆயிரம் பேர் எப்படிக் கற்றார்கள்? விடை, ஊர்தோறும் மாடிப்படிக்கு மேலே இயங்கிய தட்டச்சுப் பயிலகம். மாதக் கட்டணம், நாளைக்கு ஒரு மணி நேரம், தாள் நம்முடையது. அங்கே ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் எல்லாம் வரிசையாக இருக்கும். இன்று காலியாக இருந்த பொறி நாளை இன்னொருவர் கையில். எது இலகுவாக இறங்கும், எது முரண்டு பிடிக்கும், எதன் ஒலி கனமானது என்பதை விரல்கள் மனப்பாடம் செய்தன. விசையின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்புகோல் பல பொறிகளில் இருந்தது. அரசுத் தேர்வு நாளில் பழகிய பொறிகளையே வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோகும் வழக்கம் எதனால் வந்தது? பொறி மாறினால் விரல் தடுமாறும் என்று எல்லோரும் அறிந்திருந்ததால்தான். பல்வேறு விசைகளைக் குறைந்த செலவில் தொட்டுப் பார்க்க நம் சமூகம் கண்ட மிகச் சிறந்த ஏற்பாடு அதுவே என்று நாம் துணிந்து சொல்லலாம்.

நம் காரைக்காலுக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இவ்வூர் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சு மொழியின் தட்டச்சு வரிசை ஆங்கிலத்தினின்று வேறுபட்ட ‘அஸெர்ட்டி’. அதில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும். இஸட்டும் டபிள்யூவும் அப்படியே. எண்களுக்கு மாற்றுவிசை வேண்டும். நாகப்பட்டினம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் அங்கே ஆங்கில வரிசை, இங்கே பிரெஞ்சு ஆட்சியின் வரிசை. எல்லைக்கோடு நிலத்தில் மட்டுமன்றி விரல்நுனியிலும் ஓடியது எனலாம். இன்றும் பிரான்சில் குடியேறிய உறவினர் கொண்டுவரும் மடிக்கணினிகளில் அந்த வரிசையைக் காணலாம். விசைகளின் வரிசை இயற்கை விதியன்று, ஏதோ ஒரு காலத்தில் யாரோ எடுத்த முடிவு என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய ஒரு முடிவைத் தமிழுக்குப் புதிதாக எடுக்கும் வாய்ப்பு 1999-இல் கிட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஜூன் மாதம் தரமாக அறிவித்தது. தமிழ் 99 என்ற அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். ஒரே மெய் இருமுறை வந்தால் புள்ளி தானே விழும். ம்ப, ந்த, ங்க போன்ற இன எழுத்துச் சேர்க்கைகளிலும் அப்படியே. தொல்காப்பியர் காலம் முதல் நாம் படித்துவரும் மெய்ம்மயக்க விதி மென்பொருளுக்குள் புகுந்து விரலுக்கு ஓய்வு தந்தது. அதே ‘பக்கத்து’ என்ற சொல்லுக்கு இப்போது ப, க, க, த, த, உ என ஆறே அடி. புள்ளிக்கு ஓர் அடியும் இல்லை, மாற்றுவிசையும் இல்லை. புள்ளி தனியே தேவைப்படும்போதும் அதை வைப்பது இடக்கைச் சுட்டுவிரல். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சுண்டுவிரல் சுமந்த பாரம் இறங்கியது.

இறங்கியிருக்க வேண்டும் என்பதே சரி. கணினி வந்தபின் நகரா விசைக்கோ கூட்டெழுத்து நெருக்கடிக்கோ இயந்திரக் காரணம் எதுவும் இல்லை. ஆயினும் பழகிய விரலின் பிடிவாதத்தால் பழைய தட்டச்சு வரிசை இன்றளவும் பல மேசைகளில் தொடர்கிறது. இளையோரோ ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள். பொறி போன பின்னும் பொறியின் கட்டளை போகவில்லை.

*

இதற்கிடையே இயந்திர விசை மீண்டும் மோஸ்தராகியிருக்கிறது. பெரும்பாலான கணினிப் பலகைகளில் விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்களே உள்ளன. விலை குறைவு, அழுத்தினால் சேற்றில் கால் வைத்தது போன்ற உணர்வு. இயந்திரப் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் சுருள்வில் கொண்ட தனி ஸ்விட்ச். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களின் முற்பகுதியில் கொண்டுவந்த எம்.எக்ஸ். வகையே இதில் மூலமாதிரி. அதன் காப்புரிமை 2014 வாக்கில் காலாவதியானதும் கேட்டரான், கெய்ல், அவுட்டெமு முதலிய சீனத் தயாரிப்புகள் பெருகி விலை சரிந்தது. நிறமே குலப்பெயர்: சிவப்பு தடையின்றி வழுக்கி இறங்கும், பழுப்பு நடுவழியில் ஒரு சிறு மேட்டை உணர்த்தும், நீலம் அந்த மேட்டோடு ‘டிக்’ என்று ஒலிக்கவும் செய்யும். கறுப்பு சிவப்பைப் போலவே, ஆனால் வில் கடினம். சிவப்புக்குச் சுமார் 45 கிராம் எடையளவு அழுத்தம் போதும், கறுப்புக்கு 60.

நானூறு மைல் தொலைவில் இருக்கும் கடையின் வர்ணனையைப் படித்து இவற்றில் ஒன்றைத் தேர்வது, கேள்விப்பட்ட சுவையை நம்பி உணவு வாங்குவது போன்றது. எனவே கல்லூரி நண்பர்கள் மூவர் சேர்ந்து பழைய பயிலக முறையையே கையாண்டோம். பற்றவைப்பு இன்றி ஸ்விட்சுகளைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள மலிவான பலகை ஒன்று. பத்துப் பத்தாக விற்கும் ஸ்விட்சுகளில் நான்கு வகை. செலவை மூன்றாகப் பங்கிட்டோம். வாரத்துக்கு ஒருவர் வீட்டில் பலகை.

இதில் தமிழ் 99 எதிர்பாராத ஓர் உதவி செய்தது. உயிர் இடக்கை, மெய் வலக்கை என்பதால், இடப்பக்கம் பழுப்பும் வலப்பக்கம் சிவப்பும் மாட்டினால் ஒரே சொல்லுக்குள் இரு வகையும் மாறிமாறி ஒலிக்கின்றன. ஒப்பீடு உடனுக்குடன் நிகழ்கிறது. ஒற்றை விசையை விரலால் நிமிண்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பயனற்றது என்பதும் புரிந்தது. நிமிண்டும்போது மனத்தைக் கவர்ந்த நீலம், வினாத்தாள் ஒன்றை முழுதாக அடித்து முடிக்கையில் வீட்டாரின் பொறுமையைச் சோதித்தது. கறுப்பு, மெய்களின் பக்கத்தில் இருந்தபோது அரை மணியில் கையை அயர்த்தியது. மூவரும் மூன்று முடிவுக்கு வந்தோம். இருவருக்குப் பழுப்பு, ஒருவருக்குச் சிவப்பு என்றாலும் இருவரின் பழுப்பும் வெவ்வேறு நிறுவனத்தது. கடற்காற்றின் ஈரம் பட்டு உலோகம் துருவேறும் நம்மூர் போன்ற இடங்களுக்குத் தொடுமுனையைப் பெட்டிபோல் மூடிய கெய்ல் பாக்ஸ் வகை ஏற்றது என்பதையும் குறித்துவைக்கலாம்.

ஆனால் இச்சோதனையின் பெரிய பாடம் ஸ்விட்சைப் பற்றியதன்று. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஓர் அடிக்கு மிச்சமாவது பதினைந்து கிராம். பழைய வரிசையிலிருந்து தமிழ் 99-க்கு மாறினால் மிச்சமாவது அந்த அடியே; அதிலும் நொய்ந்த விரலின் அடி. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குச் சில வாரப் பொறுமை மட்டும். பணமில்லாத மாணவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நம் விடை தெளிவானது: முதலில் வரிசையை மாற்றட்டும், பிறகு நண்பர்களோடு பங்குபோட்டு ஸ்விட்சை மாற்றட்டும்.

முத்தையா தம் காலத்துப் பொறியின் எல்லைக்குள் நின்று இயன்றதனைத்தும் செய்தார். அவருடைய வரிசையை அவருடைய பொறி இல்லாமலே சுமந்துகொண்டிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எழுத்துகளை எண்ணி, விரல்களை எடைபோட்டு, கையிலிருக்கும் கருவிக்கு ஏற்ற அமைப்பைத் தேடிய அவருடைய முறைதான் நாம் பின்பற்ற வேண்டியது.