எழுபது வயதில் டியூட்டியில் இருந்த நர்ஸ்: அல்பர்டினா சிசுலு

இன்னைக்கு ஒரு கிளினிக்கில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1989 ஜனவரி 27. தென்னாப்பிரிக்கா, சொவெட்டோ. ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்குள் கறுப்பின மக்கள் வாழக் கூடாது என்று வெளியே தள்ளி வைத்த பெரிய குடியிருப்பு அது. அங்கே ராக்வில் என்ற பகுதியில் அபு பேக்கர் அஸ்வத் என்ற டாக்டரின் கிளினிக். இந்திய வம்சாவளிக்காரர். 'மக்கள் டாக்டர்' என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். அன்றைக்கு நோயாளிகள் மாதிரி இரண்டு பேர் உள்ளே வந்து டாக்டரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரத்தில் கிளினிக்குக்குள் டியூட்டியில் இருந்த நர்ஸுக்கு வயது 70.

அந்த நர்ஸ் பெயர் அல்பர்டினா சிசுலு. நிறவெறி ஆட்சியை எதிர்த்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கான அமைப்புகள் ஒன்று சேர்ந்து உருவாக்கிய யூ.டி.எஃப் கூட்டமைப்பின் மூன்று தலைவர்களில் ஒருவர். கணவர் வால்டர் சிசுலு, நெல்சன் மண்டேலாவோடு சேர்த்து ஆயுள் தண்டனை பெற்றவர். அப்போதும் ஜெயிலில்தான் இருந்தார்.

இவ்வளவு பெரிய தலைவர், 70 வயசுல எதுக்கு கிளினிக்குல வேலை பார்க்கணும்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இவங்க கதைக்குள்ள போனேன். தென்னாப்பிரிக்காவில் இவரை 'மா சிசுலு' என்று கூப்பிடுவார்கள், 'தேசத்தின் தாய்' என்று எழுதுவார்கள். அந்தப் பட்டத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அம்மா என்று சொன்னதும் நர்ஸ் யூனிஃபார்ம் கண்ணில் இருந்து மறைந்துவிடுகிறது. ஆனா அந்தக் குடும்பம் நின்றதே அந்த யூனிஃபார்மில் இருந்து வந்த சம்பளத்தில்தான்.

1918 அக்டோபர் 21, ட்ரான்ஸ்கை பகுதியில் ட்சோமோ மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் பிறந்தார். இயற்பெயர் நோன்ட்சிகெலெலோ தெதிவே. அது ஸ்பானிஷ் ஃப்ளூ உலகத்தையே புரட்டிப் போட்ட வருஷம். கர்ப்பமாக இருந்த அம்மாவுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது, அதற்குப் பிறகு அவர் உடம்பு முழுசாகத் தேறவே இல்லை. அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத் தூசி நுரையீரலில் இறங்கி, மகளுக்குப் பதினோரு வயது வாக்கில் இறந்துபோனார். அம்மா படுக்கையில், அப்பா இல்லை, கீழே தம்பி தங்கைகள். மூத்த மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். நம்ம ஊர்லயும் எத்தனை வீட்டு அக்காக்களோட கதை இது.

அந்த இடைவெளி அப்புறம் ஒரு அடி கொடுத்தது. உயர்நிலைப் பள்ளி உதவித்தொகைக்கான போட்டியில் அவர் முதலிடம் வாங்கினார். ஆனால் வயது கூடிவிட்டது என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வயது கூடியதற்குக் காரணமே வீட்டைப் பார்க்கப் படிப்பை விட்டதுதான்! ஆசிரியர்கள் கோபப்பட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார்கள். விஷயம் கத்தோலிக்கப் பாதிரியார்களின் காதுக்குப் போய், மரியாசெல் என்ற மிஷன் பள்ளியில் நான்கு வருஷத்துக்கு உதவித்தொகை கிடைத்தது.

படிப்பு முடிகிற நேரத்தில் அவர் ஒரு முடிவோடு இருந்தார். கல்யாணமே வேண்டாம், தம்பி தங்கைகளை ஆளாக்க வேண்டும். அதனால் கன்னியாஸ்திரி ஆகிவிடலாம் என்று நினைத்தார். அப்போது ஃபாதர் பெர்னார்ட் ஹுஸ் நடைமுறையான ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்: கன்னியாஸ்திரிகளுக்குச் சம்பளம் கிடையாது, வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. நர்ஸ் பயிற்சி என்றால் படிக்கும்போதே பணம் வரும்.

அப்படித்தான் அவர் நர்ஸ் ஆனார். நர்ஸ்களின் வரலாறு எழுதும்போது பொதுவாக 'சிறுவயதிலிருந்தே சேவை மனப்பான்மை' என்று ஒரு வரி வரும். இங்கே முதலில் வந்தது குடும்பக் கணக்கு. ஆஃபர் லெட்டர்ல முதல்ல ஸ்டைபெண்ட் எவ்வளவுன்னு பார்த்துட்டு, மத்ததை அப்புறம் படிச்சவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

1940-ல் ஜோகன்னஸ்பர்க் பொது மருத்துவமனையின் கறுப்பினத்தவர் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நிறப் பாகுபாட்டை அவர் தினசரி கண்ணால் பார்த்தது அங்கேதான். அனுபவமுள்ள கறுப்பின நர்ஸுக்கு, நேற்று வந்த வெள்ளைக்கார ஜூனியர் உத்தரவு போடலாம். ஒருமுறை பெரிய விபத்தில் அடிபட்டவர்கள் கூட்டமாக வந்தார்கள். கறுப்பினப் பிரிவில் இடமே இல்லை. வெள்ளையர் பிரிவைத் திறந்துவிட நிர்வாகம் மறுத்தது. காயம்பட்டவர்கள் தரையில் கிடந்தார்கள். 1941-ல் ஊரில் அம்மா இறந்த செய்தி வந்தபோது, அடக்கத்துக்குப் போக அவருக்கு லீவு தரவில்லை.

அதே மருத்துவமனையில் ஈவ்லின் மாஸே என்ற நர்ஸ் நண்பரானார். ஈவ்லினின் உறவினர்தான் வால்டர் சிசுலு. 1944 ஜூலையில் அல்பர்டினாவும் வால்டரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் நெல்சன் மண்டேலா, மணப்பெண் தோழி ஈவ்லின். அந்த வருஷமே அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. சிசுலு கல்யாண விருந்தில் பேசிய ஆன்டன் லெம்பேடே, நீ கட்டிக்கொள்கிற ஆள் ஏற்கனவே தேசத்தைக் கட்டிக்கொண்டவன் என்று மணப்பெண்ணை எச்சரித்தாராம்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தணும். மண்டேலா, ஆலிவர் டாம்போ, வால்டர் சிசுலு. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் அந்தத் தலைமுறையைச் செதுக்கிய மூன்று பேர். மண்டேலாவின் முதல் மனைவி ஈவ்லின் நர்ஸ். டாம்போவின் மனைவி அடிலேய்ட் நர்ஸ். சிசுலுவின் மனைவி நர்ஸ். மண்டேலா சட்டம் படித்த காலத்தில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தது ஈவ்லின். டாம்போ நாடு நாடாக அலைந்தபோது லண்டனில் ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தது அடிலேய்ட். வால்டர் 1949-ல் கட்சியின் பொதுச் செயலாளர் ஆன பிறகு சிசுலு வீட்டின் நிரந்தர வருமானம் அல்பர்டினாவுடையது. அந்தக் காலத்தில் படித்த கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவுகள் கிட்டத்தட்ட இரண்டுதான்: டீச்சர், நர்ஸ். அதனால் இதில் பெரிய தற்செயல் எதுவும் இல்லை. விடுதலைப் போராட்டத்துக்கு யார் ஃபண்ட் பண்ணாங்கன்னு கேட்டா, அந்த லிஸ்ட்ல மாசச் சம்பளம் வாங்கின நர்ஸ்களையும் சேர்க்கணும்னு நான் சொல்வேன்.

1954-ல் ஜோகன்னஸ்பர்க் நகர சுகாதாரத் துறையில் மருத்துவச்சியாகச் சேர்ந்தார். கார் எல்லாம் கிடையாது. மருந்து பாட்டில்கள், கிண்ணங்கள் எல்லாம் அடங்கிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சொவெட்டோ தெருக்களில் நடந்தே வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தார். பின்னாளில் அவர் கூட்டம் கூட்டினால் ஜனங்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனையோ வீடுகளுக்கு அவர் முதலில் பிள்ளை பிறந்த அன்றைக்கு வந்த சிஸ்டர். தலைவர் என்பதெல்லாம் அப்புறம்.

ஆர்லாண்டோ வெஸ்டில் அவர்கள் வீடு சின்னது. மாமியார் ஆலிஸும் கூடவே இருந்தார். சொந்தப் பிள்ளைகள் ஐந்து பேர்: மேக்ஸ், ம்லுங்கிசி, ஸ்வெலாகே, லிண்டிவே, நோன்குலுலேகோ. அது போக வால்டரின் சொந்தத்தில் மூன்று பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாக வளர்த்தார். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தரம் குறைந்த கல்வி என்று அரசு சட்டம் போட்டபோது, அந்த வீட்டிலேயே கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் நடந்தது.

பெண்களுக்கும் பாஸ் கட்டாயம் என்ற சட்டத்தை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுக்குப் போனார்கள். அவர்களில் இவரும் ஒருவர். 1958-ல் அதே போராட்டத்துக்காக மூன்று வாரம் சிறை. வழக்கறிஞராக வந்தவர் மாப்பிள்ளைத் தோழன் மண்டேலாதான். இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டான்சானியா சுதந்திரம் அடைந்ததும் பிரிட்டிஷ் நர்ஸ்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்து 20 கறுப்பின நர்ஸ்களை ரகசியமாக எல்லை தாண்டி அனுப்பினார்கள். அதற்கு ஆள் சேர்த்தவர்களில் அல்பர்டினாவும் இருந்தார்.

பிறகு 1963. வால்டர் தலைமறைவு. விசாரணை இல்லாமல் 90 நாள் அடைத்து வைக்கலாம் என்ற புதுச் சட்டத்தில் கைதான முதல் பெண் அல்பர்டினா. கணவர் எங்கே என்று கேட்டுத் தனிமைச் சிறையில் வைத்தார்கள். உன் பிள்ளைகளுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது, உன் கணவன் சாகக் கிடக்கிறான் என்று போலீஸ் பொய் சொன்னது. நோய் என்றால் என்ன என்று தெரிந்த ஒரு நர்ஸிடம் அந்தப் பொய்யைச் சொல்கிறார்கள், யோசிச்சுப் பாருங்க. அவர் வாய் திறக்கவில்லை. பதினேழு வயது மகன் மேக்ஸையும் அதே சட்டத்தில் பிடித்தார்கள். வெளியே வந்த மேக்ஸ் நாட்டை விட்டே போய்விட்டார். பெற்ற பிள்ளையை மறுபடி நிம்மதியாகப் பார்க்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1964 ஜூனில் வால்டருக்கு ஆயுள் தண்டனை, ராபன் தீவு. ஆரம்ப வருஷங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு, அதுவும் அரை மணி நேரம். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து கேப் டவுன் சுமார் 1,400 கிலோமீட்டர். அல்பர்டினா மீது தடை உத்தரவு வேறு: கூட்டத்துக்குப் போகக் கூடாது, அவர் சொன்னதைப் பத்திரிகை போடக் கூடாது, ஊர் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்கி, டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற கணவரை அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி டியூட்டிக்கு வர வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வந்த தடைகள் கிட்டத்தட்ட எண்பதுகள் வரை நீண்டன. இந்த வருஷங்களைப் பற்றி மருமகள் எலினோர் சிசுலு 'இன் அவர் லைஃப்டைம்' என்ற வரலாற்று நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

1976-ல் மகள் லிண்டிவே கைது, பிறகு நாடு கடந்து போனார். பத்திரிகை ஆசிரியரான ஸ்வெலாகேவை 1986-ல் பிடித்து இரண்டு வருஷம் விசாரணையே இல்லாமல் வைத்திருந்தார்கள். 1983-ல் யூ.டி.எஃப் தலைவராக அல்பர்டினாவைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் சிறையில்தான் இருந்தார். ஒரு மூத்த பெண் போராளியின் இறுதிச் சடங்கில் தடை செய்யப்பட்ட கட்சியின் பாட்டைப் பாடினார் என்பது வழக்கு. 1985-ல் தேசத்துரோக வழக்கு, அதில் விடுதலை.

இந்தக் காலத்தில்தான், 1984-ல், டாக்டர் அஸ்வத் அவருக்கு வேலை கொடுத்தார். நர்ஸாக ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர், எப்போது வேண்டுமானாலும் கைதாகக்கூடியவர். அவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அதோடு அஸ்வத் இருந்தது அசாப்போ என்ற வேறு அமைப்பில். அசாப்போவும் யூ.டி.எஃப்பும் சொவெட்டோ தெருக்களில் அடித்துக்கொண்ட நேரம் அது. இரண்டு அமைப்பின் முக்கியஸ்தர்கள், ஒரே கிளினிக், காலையில் கதவு திறந்தால் வாசலில் வரிசை. அவர் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் போய் வந்தபோதும் அந்த வேலை அவருக்காகக் காத்திருந்தது. எங்கள் உறவு அம்மா பிள்ளை உறவு என்று அவர் பின்னால் சொன்னார்.

அந்தப் பிள்ளையைத்தான் 1989 ஜனவரியில் அவர் இருக்கும்போதே கொன்றார்கள். அவரை வேலைக்கு அமர்த்தியவர், கூட நின்றவர், ஊரின் டாக்டர், எல்லாம் ஒரே ஆள். எட்டு வருஷம் கழித்து உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னாலும் அந்தக் கிளினிக்கைப் பற்றி அவர் பேச வேண்டி வந்தது.

அதே வருஷம் அக்டோபர் 15 அன்று வால்டர் விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். கைதானபோது 51 வயது, திரும்பும்போது 77. பிறகு ஒன்றாக வாழ 13 வருஷத்துக்கு மேல் கிடைத்தது. 2003 மே மாதம் அவர் இறந்தார், அல்பர்டினா பக்கத்திலேயே இருந்தார். எட்டு வருஷம் கழித்து, 2011 ஜூன் 2 அன்று, 92 வயதில் அவரும் போனார்.

நடுவில் ஒரு நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1994 மே 9, எல்லா இனத்தவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் நாடாளுமன்றம் கேப் டவுனில் கூடியது. ஜனாதிபதி பதவிக்குப் பெயரை யாராவது முன்மொழிய வேண்டும். உறுப்பினர் அல்பர்டினா சிசுலு எழுந்து, 50 வருஷத்துக்கு முன் தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரின் பெயரைச் சொன்னார்.